நீல்காய் மாடா, மானா? அதன் அறிவியல் பெயருக்கு என்ன பொருள்?

டெல்லி முனிர்க்காவில் குடியிருக்கிறேன். பக்கத்து ஜேஎன்யூ வளாகத்துப் புதர்க்காட்டில் நீல்காய்கள் மேயும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல்முறை பார்த்ததும், "என்னடா இது, குதிரைக்குக் கொம்பு முளைச்சிருக்கு?" என்று கேட்டாள்.

இதே குழப்பம் ஐரோப்பியர்களுக்கும் இருந்தது. வங்காளத்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ஒரு நீல்காயை ஜேம்ஸ் பார்சன்ஸ் என்ற மருத்துவர் 1745-இல் விவரித்து எழுதினார். அதை வைத்து விலங்கியலாளர் பீட்டர் சைமன் பாலஸ் 1766-இல் அதற்கு 'டிராகோகேமலஸ்' என்று இனப்பெயர் வைத்தார். கிரேக்கத்தில் டிராகோஸ் என்றால் வெள்ளாட்டுக் கிடா, மீதி ஒட்டகம். பிறகு 1816-இல் பிளான்வில் என்ற விலங்கியலாளர், 'போசெலாபஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார். (அறிவியல் பெயரின் முதல் பாதி பேரினம், இரண்டாம் பாதி இனம்.) போஸ் லத்தீனில் மாடு, எலாபோஸ் கிரேக்கத்தில் மான். ஆக, போசெலாபஸ் டிராகோகேமலஸ் என்ற ஒரே பெயருக்குள் மாடு, மான், கிடா, ஒட்டகம் நாலும் இருக்கின்றன.

தப்பென்று தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? விலங்குப் பெயரிடும் விதிப்படி முதலில் முறையாக வெளியான இனப்பெயருக்குத்தான் முன்னுரிமை. பொருள் பொருந்தவில்லை என்று அதை நீக்க முடியாது. பேரினம் மாறியதால் பாலஸின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், அவ்வளவுதான்.

சரி, மாடா மானா? மான் இல்லை. புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், விழுந்து முளைக்கும். நீல்காயின் கொம்பு கிளைக்காது, விழாது. எலும்பின் மேல் உறை போட்டது போன்ற கொம்பு. இப்படிப்பட்ட விலங்கை இரலை (antelope) என்பார்கள். (கிண்டியில் பார்க்கும் வெளிமானும் இப்படித்தான், பெயரில் மான் இருந்தாலும் அதுவும் இரலை.) ஆனால் வெளிமானைவிட மாட்டுக்கும் எருமைக்கும்தான் நீல்காய் நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே துணைக்குடும்பம். இந்தியில் 'காய்' என்றால் பசு. அந்தப் பெயரை வைத்த கிராமத்து மக்களின் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். நாலு விலங்கில் சரியானதைப் பிடித்திருக்கிறார்கள்.

இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய சொந்தம் நாற்கொம்பு மான். பெயரில்தான் மான், இதுவும் இரலை. நம் முதுமலையிலும் உண்டு. அதன் பெயர் டெட்ராசெரஸ் குவாட்ரிகார்னிஸ். கிரேக்கத்தில் ஒருமுறை, லத்தீனில் ஒருமுறை 'நான்கு கொம்பு'.

டெல்லிக்கு வந்தால் அசோலா பட்டி சரணாலயத்திலும் பாருங்கள். நீலச் சாம்பல் நிறத்தில் கொம்போடு நிற்பது ஆண். பழுப்பாக, கொம்பில்லாமல் நிற்பதை வேறு விலங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது பெண் நீல்காய்.