அறிக்கையில் 6.4, அதிகாலையில் வியர்வை

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். சர்க்கரைக்கு மெட்பார்மின் 500, கிளிமிபிரைடு 2 மி.கி. இரண்டும் காலையிலும் இரவிலும். இரத்தக் கொதிப்புக்கு அட்டெனோலால் 50 காலையில் மட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.4 சதவீதம். "நன்றாக இருக்கிறது, இதையே தொடருங்கள்" என்கிறார் மருத்துவர். ஆனால் இரண்டு மாதமாக அதிகாலையில் சேலை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. ஒரு நாள் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா? அம்மா இரவில் பெரும்பாலும் ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிடுவார்.

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னைப் பதறவைத்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இரவு மாத்திரை, வயிற்றில் பால் மட்டும், அதிகாலையில் வியர்வை: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை தாழ்ந்துபோகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் 6.4 எப்படி வந்தது? அது சராசரி. இரத்தச் சர்க்கரை இரவில் 55 மி.கி.க்கு இறங்கி, பகலில் 200க்கு ஏறினாலும் சராசரி அழகாகத்தான் தெரியும். அதோடு, இந்த வயதில் 6.4 பெருமைப்பட வேண்டிய எண்ணும் அல்ல. வேறு பெரிய நோய் இல்லாத முதியவருக்கு 7 முதல் 7.5 வரையும், பல நோய்களோடு வாழ்பவருக்கு 8க்குள்ளும் இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். முப்பது வயதுக்காரருக்கு வைக்கும் இலக்கைத் தனியாக வாழும் 69 வயது அம்மாவுக்கும் வைத்தால், சர்க்கரை தாழ்ந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம்.

இன்னொன்று. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அட்டெனோலால் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. ஆகவே அந்த நனைந்த சேலைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே எச்சரிக்கை.

இன்று முதல் செய்ய வேண்டியவை இவை. இரவு உணவு சாப்பிடாத நாளில் இரவுக் கிளிமிபிரைடு வேண்டாம். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கும், வியர்க்கும் நேரத்திலும் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். அடுத்த மாதத் தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கிரியேட்டினின் பரிசோதனையையும் கேளுங்கள்; சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமிபிரைடின் விளைவு உடலில் அதிக நேரம் நீடிக்கலாம். விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். அரசுப் பணியில் இருந்தபோது காலை நான்கு மணி நேரத்தில் 150 பேரைப் பார்த்த நாட்கள் எனக்குண்டு. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 96 விநாடி. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓர் ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டார்கள். குறுக்கிடாமல் விட்டால் நோயாளிகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று அளந்தார்கள். சராசரியாக 92 விநாடி. பேசவிட்டால் பொழுது போய்விடும் என்று நாங்கள் அஞ்சுவதெல்லாம் இந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான். ஆனால் எனக்குக் கிடைத்ததே 96 விநாடி. மீதி நான்கு விநாடியில் நாடி பார்த்து, சீட்டு எழுத முடியுமா? உங்கள் மருத்துவரும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டாமல் "அன்பாகப் பேசுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனாலும் கேட்காமல் விட்டதன் விலையை நான் அறிவேன். சர்க்கரை நோயுள்ள இரவுக் காவலாளி ஒருவர் மதியத்தில் தலைசுற்றுகிறது என்று மூன்று மாதம் வந்தார். இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. என்று எழுதிக்கொண்டே இருந்தேன். மாத்திரை கொடுத்த செவிலியர்தான் "எப்போது தூங்குவீர்கள்?" என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து, நான் எழுதியபடியே "காலை மாத்திரையை" விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு மதியம் இரண்டு மணிவரை உறங்கியிருக்கிறார். அவருடைய காலை என்பது என்னுடைய காலை அல்ல. அதை ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டிருக்கலாம். அன்றிலிருந்து, சர்க்கரை மாத்திரை எழுதும் எவரிடமும் கடைசியாக எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்காமல் எழுதியதில்லை.

ஆகவே அந்த 96 விநாடியில் முதல் வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். "மாத்திரை வாங்க வந்தோம்" என்று தொடங்காதீர்கள். "அம்மாவுக்கு அதிகாலையில் சர்க்கரை இறங்குகிறது, ஒருமுறை விழுந்துவிட்டார்" என்று உட்காரும்போதே சொல்லுங்கள். எந்த மருத்துவரின் பேனாவும் அங்கே நிற்கும். தேதி, நேரம், சர்க்கரை அளவு, முந்தின இரவு சாப்பிட்டது ஆகியவற்றை அரைப் பக்கத்தில் எழுதி மேசையில் வையுங்கள். அம்மாவை மட்டும் அனுப்ப வேண்டாம். திட்டுவார்களோ என்ற பயத்தில் "ஒன்றுமில்லை ஐயா, நன்றாக இருக்கிறேன்" என்றுதான் அவர் சொல்வார். அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் அப்படித்தான்.

தனியாருக்கு மாற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்காக மாறத் தேவையில்லை. அங்கும் 6.4ஐ மட்டும் பார்ப்பவர் இருக்கலாம். அந்தத் தாளோடு போயும் அதே சீட்டுதான் கைக்கு வருகிறது என்றால், அதே மருத்துவமனையின் பொது மருத்துவ மூத்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முதியவர்களுக்குச் சர்க்கரையை இவ்வளவு தாழ்த்தாத மாத்திரைகள் இருக்கின்றன. அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை அம்மாவைப் பரிசோதித்து அவர் முடிவு செய்வார்.

அம்மா ஏன் இரவில் சாப்பிடுவதில்லை என்பதையும் கேட்டுப் பாருங்கள். பல்வலியா, ஒருத்திக்காக அடுப்புப் பற்றவைக்க மனமில்லையா? இன்று இரவு அவருக்கும் சேர்த்துத் தோசை ஊற்றி எடுத்துப் போங்கள்.