மின்னஞ்சலும் நல்லவர்களும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஜிமெயிலை விட்டுவிட முடிவுசெய்திருக்கிறேன். கடிதங்களைப் பூட்டிவைப்பதாகச் சொல்லும் மின்னஞ்சல் சேவைகளில் புரோட்டான் மெயிலா, டூட்டாவா என்று குழப்பம். புரோட்டான் சுவிட்சர்லாந்து நிறுவனம், செர்ன் ஆய்வகத்து விஞ்ஞானிகள் தொடங்கியது. ஆனால் கணக்கை இலவசமாகத் தருகிறார்களே, உள்நோக்கம் ஏதும் இருக்குமா? அவர்கள் நல்லவர்கள்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

இலவசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காசு கட்டுகிறவர்களால்தான் இரண்டு நிறுவனங்களும் நடக்கின்றன. என்றாவது நீங்களும் கட்டுவீர்கள் என்று காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் மூட்டியது ‘சுவிட்சர்லாந்து’. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கை ஏன் தானாகக் கூப்பிக்கொள்கிறது? கிரிப்டோ ஏஜி என்ற சுவிஸ் நிறுவனத்திடம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இரகசியச் செய்திக் கருவிகளை வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. நடுநிலை நாட்டுச் சரக்கு என்ற நம்பிக்கைதான். 1970இல் சிஐஏவும் மேற்கு ஜெர்மனி உளவுத்துறையும் அந்த நிறுவனத்தைச் சத்தமில்லாமல் விலைக்கு வாங்கிவிட்டன என்பது 2020இல்தான் அம்பலமானது. படித்தவர் நீங்கள், நாட்டின் பெயரைப் பார்த்தா பூட்டு வாங்குவீர்கள்?

சரி, நல்லவரே கிடைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவையை நடத்திய லாடார் லெவிசன் அப்படிப்பட்டவர். அமெரிக்க உளவுத்துறையின் இரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் அங்கே கணக்கு வைத்திருந்தார். 2013இல் எஃப்பிஐ வந்து சேவையின் சாவியையே கேட்டது. அது கிடைத்தால் எல்லோருடைய கடிதப் போக்குவரத்தையும் திறந்து பார்க்கலாம். லெவிசன் அதைப் பதினொரு பக்கங்களில், கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்! நீதிமன்றம் சிரிக்கவில்லை. நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. மனிதர் சாவியைக் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் 8 அன்று கடையையே மூடினார். அவர் நோக்கத்தில் ஒரு பழுதும் இல்லை. சாவி அவரிடம் இருந்தது, அதுதான் பழுது.

சிறுவயதில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவருக்கு நான்தான் கடிதம் வாசித்துக் காட்டுவேன். அவர் கணவர் பம்பாயிலிருந்து எழுதுவார். பக்கத்து வீட்டிலேயே பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார், பரம யோக்கியர். அவரை விட்டுவிட்டு என்னை ஏன் கூப்பிட்டார் என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ‘அந்த விஷயத்தை உன் அண்ணனிடம் சொல்லாதே’ என்று உரக்க வாசிப்பேன். எந்த விஷயம், எந்த அண்ணன் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வாசித்து முடித்ததும் ஓர் அதிரசம் கிடைக்கும். வாத்தியாரின் யோக்கியதையைவிட என் அறியாமைமீதுதான் பெரியம்மாவுக்கு நம்பிக்கை. அவர் படித்திருந்தால் உங்களுக்கு இந்தப் பதிலை அவரே எழுதியிருப்பார்.

2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவு வந்தபோது, பிரான்ஸின் பருவநிலைப் போராளி ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, புரோட்டான் பதிவுசெய்து கொடுத்தது. கடிதங்களின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை. மனவுறுதியால் அல்ல, குறியாக்கம் செய்தவற்றை, அதாவது படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டியவற்றை, திறக்கும் சாவி அவர்களிடம் இல்லை.

உங்கள் கேள்வியை மறக்கவில்லை. டூட்டா கடிதத்தின் தலைப்பு வரியையும் சேர்த்துப் பூட்டுகிறது, புரோட்டான் அதைத் திறந்தே விடுகிறது. எனக்கு அது போதும், டூட்டா என்பேன். காசு கட்டியே சேருங்கள். நீங்கள் எழுதுவது ஜிமெயில் நண்பருக்கு என்றால் அதன் பிரதி வழக்கம்போல ஜிமெயிலில்தான் இருக்கும். ஒருவேளை புரோட்டானையே தேர்ந்தெடுத்தால், கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்பதற்கான மீட்பு முகவரி கேட்கும் கட்டத்தில் பழைய ஜிமெயிலைக் கொடுத்துத் தொலைக்காதீர்கள். கட்டலோனியப் போராளி ஒருவரை ஸ்பெயின் போலீஸ் அடையாளம் கண்டது அவருடைய மீட்பு முகவரியைப் பிடித்துக்கொண்டுதான்.