கட்டுப்பாடு முதலில் தகப்பனுக்குத்தான்

"பழைய முறைப்படி குடும்பம் நடத்தும் தகப்பன்மார்கள் மரபு என்ற பெயரில் மனைவியையும் பிள்ளைகளையும் அடக்கி வைக்கிறார்கள் என்கிறார்களே, அப்படி வாழும் ஒருவர் இதற்கு என்ன சொல்வார்? பிள்ளைகள் அந்த முறையை ஏற்க மறுத்தால் என்ன செய்வார்?" என்பது கேள்வி.

நான் காரைக்குடிப் பக்கம் பிறந்து, அங்கேயே இரும்புக்கடை நடத்தி, இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் வளர்த்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்தவன். கோயில் வழக்கத்தையும் நோன்பையும் பெரியவர்கள் சொல்லையும் விடாமல் வைத்திருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைப் போன்றவர்களை நோக்கியதுதான். மரபின் பெயரால் வீட்டாரை அடக்கி வைப்பவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் நான் பெற்ற மரபு மற்ற யாரையும் கட்டுப்படுத்துவதற்கு முன்னால் வீட்டின் ஆண்மகனைத்தான் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பகுதியை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மனைவி மக்களுக்கு உரிய விதிகளை மட்டும் பிடித்துக்கொள்பவரை மரபைக் காப்பவர் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

திருமணத்திலிருந்து தொடங்குகிறேன். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என எங்களுக்கு ஒன்பது கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை; உட்பிரிவுகள் உள்ள கோயில்களில் அந்தப் பிரிவையும் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், இரு வீட்டாரும் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும், கழுத்துரு என்னும் எங்கள் தாலியைப் பூட்டிய பிறகு அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக, அதாவது வரி கட்டும் ஒரு குடும்பமாக ஏறுவார்கள். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது 2009-இல்தான். எங்கள் ஊர்களில் அதற்கு நெடுங்காலம் முன்பே கல்யாணம் எழுத்தில் ஏறிவிட்டது. ஓர் ஆண்பிள்ளை எவ்வளவு படித்தாலும், எவ்வளவு சம்பாதித்தாலும், மணம் முடிக்கும் வரை கோயிலுக்கு அவன் ஒரு புள்ளியாக மாட்டான். மணம் முடித்த பிறகுதான் வரி கேட்டு அவனிடம் வருவார்கள். ஊருக்கும் கோயிலுக்கும் தனி ஆளாகப் பதில் சொல்லும் தகுதி மனைவியோடு சேர்ந்தே கிடைக்கிறது என்ற இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். தன்னை மட்டும் பெரியவனாக எண்ணிக்கொள்ளும் கணவன் இந்தக் கணக்கைப் படித்ததில்லை என்றே நினைப்பேன்.

அடுத்து, வேறு வைத்தல், அதாவது மணமான மகனைத் தனிக் குடித்தனம் வைப்பது. வெளியூரிலிருந்து எங்கள் பெரிய வீடுகளைப் பார்க்க வருபவர்கள் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையையும் பார்த்துவிட்டு, இங்கே நூறு பேருக்கு ஒரே உலையில் சோறு பொங்கியிருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை வேறு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழிந்ததும், அதே வீட்டுக்குள் அவனையும் அவன் மனைவியையும் தனியாக வைத்துவிடுவார்கள். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் அவர்களுக்கு உரியது ஒதுக்கப்படும். பின்கட்டில் தனி அடுப்பு. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கணக்கு வைத்துக் கொடுப்பார்கள். அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்த வேண்டும். நல்லது கெட்டதுக்கும் பண்டிகைக்கும் வீடு ஒன்றாகக் கூடும். மற்ற நாள்களில் மருமகள் தன் அடுப்பில் என்ன சமைக்கிறாள் என்று மாமியார் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மகனும் மாதக் கடைசியில் அப்பச்சியிடம் (தகப்பனிடம்) கை நீட்ட முடியாது, ஏனென்றால் அவனுக்கு உரியது ஏற்கெனவே அவன் கைக்குப் போய்விட்டது. பெற்றவர்களுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே, தன் வரவு செலவுக்குத் தானே பொறுப்பாக இருக்கும்படி இளந்தம்பதியைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்று ஒரு பக்கம் கல்யாணமான பிறகும் மகன் அலமாரிச் சாவியைத் தாய் வைத்திருக்கிறாள். மறுபக்கம் தாய் தகப்பனைத் தீபாவளிக்குப் பார்ப்பதே பாரம் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே எங்கள் முறை அல்ல. என் மூத்த மகனுக்குக் கல்யாணமானபோது வீட்டு மாடியில் தனி அடுப்படி கட்டிக் கொடுத்தேன். சம்பந்தி வீட்டார் இதைக் கேட்டு முதலில் முகம் சுளித்தார்கள், மருமகளை ஒதுக்குகிறோமோ என்று பயந்தார்கள். அவர்கள் வீட்டு மூத்த ஆச்சியே, "எங்களையும் இப்படித்தான் வைத்தார்கள், பிள்ளை பிழைத்துக்கொள்வாள்" என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

இந்த மரபில் எனக்கு நிறைவு தராத ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்யப் போனவர்கள். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று ஆண்கள் கப்பலேறிப் போய், தொழிலுக்கும் தங்கலுக்கும் பொதுவான கிட்டங்கியில் தங்கி, மூன்றாண்டுக் கணக்கு முடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடியும் போவார்கள். சிறுவர்களையே பெட்டியடியில் (கடையின் கணக்கு மேசையில்) உட்கார்த்திப் பழக்கினார்கள். அந்த உழைப்பில்தான் இந்த வீடுகளும் கோயில் திருப்பணிகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வீட்டையும் வயலையும் கணக்கையும் பிள்ளைகளையும் நடத்தியவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிமார்தான். என் ஐயா (அப்பச்சியின் தகப்பனார்) பர்மாவில் இருந்தார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அவர் வந்து சேர்ந்த பிறகும் அவரிடம் நேரே பேச வெகுநாள் கூச்சமாக இருந்தது, எதைக் கேட்பதானாலும் ஆத்தா வழியாகவே கேட்போம் என்று என் அப்பச்சி சொல்வார். மகனுக்குத் தகப்பன் ஒரு விருந்தாளியைப் போல இருந்த அந்த நிலையை மரபு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அந்தக் காலத்துத் தொழில் கேட்ட விலை. சிங்கப்பூரில் பங்கு சேரும்படி எனக்கும் ஒரு முறை அழைப்பு வந்தது, லாபமான தொழில்தான். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலம் என்பதால் யோசிக்காமல் மறுத்துவிட்டேன். மறுத்ததற்காக இன்றும் எனக்கு மகிழ்ச்சிதான்.

தகப்பனாக நான் செய்தவை பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அவற்றை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இரவு கடை அடைத்து வந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்; அந்த நேரத்தில் கைப்பேசி யார் கையிலும் இருக்காது, முதலில் என் கையில் இருக்காது. வீட்டில் பிள்ளைகளுக்கு எது கூடாது என்று சொல்கிறேனோ அது எனக்கும் கூடாது. பத்து வயதுக்கு மேல் மூவரையும் விடுமுறையில் கடைக்கு அழைத்துப் போய்ச் சிட்டை (அன்றாடக் கணக்கு) எழுதவும் பேரேட்டில் ஏற்றவும் கற்றுக் கொடுத்தேன். மகளும் இதில் சேர்த்தி. புதுக் கணக்குப் போடும் நாளில் பிள்ளையார் சுழி போட்டு, மேலே சிவமயம் என்று எழுதி, முதலில் சாமி பேரில் மகமை, அதாவது தருமத்துக்கு ஒதுக்கும் பங்கு, வரவு வைப்போம். "அப்பச்சி, இன்னும் வியாபாரமே ஆகவில்லை, அதற்குள் சாமிக்கு எப்படி வரவு?" என்று சின்னவன் கேட்டான். லாபம் வந்த பிறகு கொடுப்போம் என்று வைத்தால் எந்த ஆண்டும் கொடுக்க மனம் வராது, அதனால்தான் பெரியவர்கள் தலைப்பிலேயே எழுதச் சொன்னார்கள் என்று சொன்னேன். என் நம்பிக்கை பெரும்பாலும் இந்தப் பேரேட்டுக்குள் இருக்கிறது. கோவிலூர் மடத்து வேதாந்தம் படித்தவன் அல்லன் நான். கைக்கு வரும் பணம் முழுவதும் என்னுடையதில்லை என்று ஆண்டுதோறும் எழுதிக் கையெழுத்துப் போடுபவன். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கித் தம் செல்வத்தைக் கல்விக்கு வழங்கிய அழகப்பச் செட்டியாரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போதும் இதே கணக்கைத்தான் நினைவூட்டுவேன்.

நோன்பில் எனக்கு மிகவும் நெருக்கமானது பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள், மார்கழியில் வரும் சஷ்டியும் சதயமும் கூடிய நாளில், புது வேட்டியிலிருந்து எடுத்த இருபத்தோர் இழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து, நெய் விட்டுக் கொளுத்துவோம். ஆவாரம்பூவும் பொரியும் பணியாரமும் படைத்திருக்கும். வீட்டில் மூத்தவர் முதலில் இழை எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். விழுந்து கும்பிட்டு வாங்கி, எரியும் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் முறை வாங்கும் குழந்தை பயப்படும். என் மகள் அப்படித்தான் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நான் அவளை அதட்டவில்லை. அவள் கண் முன்னால் நான் எடுத்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினேன், சுடவில்லை என்று பார்த்த பிறகு அவளாகவே வாய் திறந்தாள். தகப்பன் தன் பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் அதை முதலில் அவன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற முறையை இந்த நோன்பு ஆண்டுதோறும் எனக்கு நடத்திக் காட்டுகிறது.

மரபைக் காப்பவன் என்பதாலேயே சிலவற்றைக் கைவிட வேண்டும் என்றும் நான் கருதுகிறேன். கல்யாணத்தில் பெண் வீட்டுச் சீர்ப் பொருள்களை எல்லோரும் பார்க்கச் சாமான் பரப்பும் வழக்கம் அப்படிப்பட்டது. பெண் புது வீட்டில் குடித்தனம் நடத்தத் தேவையானதைத் தாய் வீடு கொடுத்து அனுப்பிய காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. ஒரு குடித்தனத்துக்கு ஆயுள் முழுதும் வேண்டாத அளவு வெள்ளியையும் எவர்சில்வரையும் ஊர் பார்க்க அடுக்குவதற்கு இப்போது ஒரு பொருளும் இல்லை. வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. இரண்டு மகன்களுக்கும் பெண் எடுத்தபோது எதுவும் கேட்கவில்லை; சீர்வரிசையைக் குறிக்கும் முறைச் சிட்டையில் எதுவும் எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொத்திலும் அப்படித்தான். 1989 முதல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005 முதல் நாடு முழுவதற்குமான சட்டமும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தருகின்றன. இதை எதிர்க்கும் பெரியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆச்சிமார் பணம் என்று பெண்களின் சீதனத்தை அவரவர் பேரில் தனிக் கணக்காக வைத்து வட்டி கட்டி வந்தது நம் பாட்டன்மார்தானே, பெண்ணுக்குத் தனிச் சொத்து என்பது நமக்கு எப்போது புதிதாயிற்று?

கைம்பெண்களை மங்கல காரியத்தில் பின்னால் நிறுத்தும் வழக்கத்தை என் வீட்டில் முழுவதுமாக நிறுத்திவிட்டேன். சிறு வயதிலேயே கணவரை இழந்து, எங்கள் எல்லோரையும் வளர்த்த என் அயித்தைதான் என் மகன்களின் கல்யாணத்தில் முதல் திருநீறு பூசினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவர்கூட அந்த அயித்தைக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அல்லர்.

சமூகத்தைப் பற்றிச் சொல்வதானால், எனக்கு இளையவர்கள் மேல் கோபத்தைவிட வருத்தமே மிகுதி. வீதிக்கு வீதி பூட்டிய வீடுகள். பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை ஆண்டுக்கு ஒரு முறை திறந்து கூட்டிப் படையல் போடுகிறார்கள், அதுவும் முடியாமல் போகும்போது நிலையும் கதவும் தூணும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. வீடு போனால் போகட்டும் என்றுகூட ஒரு நாள் மனம் தேறலாம். வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயது ஆச்சிக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பணம் அனுப்பும் மகன்கள் நல்லவர்கள்தான். ஆனால் பணம் அனுப்புவதில் நம் இனத்துக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு, பக்கத்தில் இருப்பதைத்தான் நாம் இனிப் பழக வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்ற பகுதி. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒன்பது கோயிலுக்குள்ளேயே மாப்பிள்ளை அமைய வேண்டும் என்பது என் ஆசை. அதை அவளிடம் மறைத்ததில்லை, காரணங்களையும் சொல்லியிருக்கிறேன். அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வரனையும் வீட்டுக்கு வரவழைக்கமாட்டேன். வற்புறுத்திக் கழுத்துரு பூட்டினால் அது இரண்டு வீட்டுக்கும் கேடு. அவள் வேறு முடிவு எடுத்தால் எனக்கு வலிக்கும், அதையும் அவளிடமே சொல்வேன். ஆனால் அதற்காக அவளோடு பேசுவதை நிறுத்தமாட்டேன். மகளோடு பேச்சை நிறுத்தி, பேரன் பேத்தி முகம் பார்க்காமலே கண்ணை மூடிய பெரியவர்களை எங்கள் ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன்; அவர்கள் அப்படி இருந்து எதைக் காப்பாற்றினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.