டபிள்யூடபிள்யூஇ ஏன் டிவியை விட்டு நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது? மறுபடி கேபிளில் வருமா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் சித்தப்பா இருபது வருஷத்துக்கு மேலாகக் கேபிள் நடத்துகிறார். 2025 ஏப்ரல் முதல் வாரம் அவர் வசூலுக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். மூன்று வீட்டில் இதே கேள்வி. "தம்பி, சண்ட புரோகிராம் ஏன் வரல? பசங்க டிவிய போட்டுட்டு அழுவுதுங்க" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் சொன்னது அமெரிக்க மல்யுத்த கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ-யின் நிகழ்ச்சிகளை. செட்டாப் பாக்ஸில் கோளாறு இல்லை, சேனலும் நிற்கவில்லை. சோனியிடம் இருந்த இந்திய ஒளிபரப்பு உரிமை மார்ச் 31-ஓடு முடிந்துவிட்டது, ஏப்ரல் 1 முதல் அது நெட்ஃபிளிக்ஸ் கையில். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஏன் நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

மல்யுத்த கம்பெனி டிக்கெட் விற்றுப் பிழைக்கிறது என்றுதான் நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அரங்கம் நிறையக் கூட்டம் தெரியும் இல்லையா? உண்மையில் பெரிய வருமானம் ஒளிபரப்பு உரிமையில்தான். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் சீசன் உண்டு, முடிந்தால் இடைவெளி. டபிள்யூடபிள்யூஇ-யின் வாராந்திர நிகழ்ச்சிகளான ரா, ஸ்மாக்டவுன் இரண்டுக்கும் அது கிடையாது. 52 வாரமும் புது நிகழ்ச்சி வரும். நேரலை என்பதால் பார்ப்பவர்களும் அந்த நேரத்துக்கே வந்து உட்காருவார்கள். ஒரு சேனல்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? விளம்பரம் விற்கலாம். அதைவிட முக்கியமாக, கேபிள்காரரிடம் "இந்தச் சேனலை எடுக்காமல் உன்னால் லைன் நடத்த முடியாது" என்று சொல்லி ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்று கேட்கலாம். இந்த இரண்டாவது வருமானத்தைச் சித்தப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் காசு கட்டும் பக்கத்தில் இருப்பவர். செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்னால், பே சேனல் ஏஜென்டுகள் வந்து "எத்தனை கனெக்‌ஷன் வச்சிருக்கீங்க" என்று கேட்பதும், பேரம் நடப்பதும், தகராறு முற்றினால் சேனல் சில நாள் கறுப்பாகிப் போவதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பார்த்த காட்சிகள்.

அந்தக் காலத்தில் மல்யுத்தம் வந்தது டென் ஸ்போர்ட்ஸில். 2002-இல் வந்த சேனல் அது, உலகக் கோப்பைக் கால்பந்தை அந்த வருஷம் அதில்தான் பார்த்தோம். டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெயர் டபிள்யூடபிள்யூஇ என்று மாறியதும் அதே 2002 மே மாதம்தான். உலக வனவிலங்கு நிதியம் அந்த மூன்றெழுத்துக்காக வழக்குப் போட்டு ஜெயித்தது காரணம். எங்கள் தெருவில் டிரம்ப் கார்டு விளையாடிய பசங்களுக்கு அது கடைசிவரை டபிள்யூடபிள்யூஎஃப்தான். டென் ஸ்போர்ட்ஸ் பிறகு ஜீ கைக்குப் போனது, 2016-இல் ஜீ அதைச் சோனிக்கு விற்பதாக ஒப்பந்தம் போட்டது. முதலாளி இரண்டு தடவை மாறியும் மல்யுத்தம் அங்கேயே இருந்ததால், பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதனால்தான் 2025-இல் நடந்தது இவ்வளவு திடீரென்று தோன்றியது.

அமெரிக்காவில் இது புதிதே இல்லை. ரா 1993 ஜனவரியில் யுஎஸ்ஏ நெட்வொர்க்கில் தொடங்கியது, 2000-இல் டிஎன்என் சேனலுக்குப் போனது, 2005-இல் திரும்பி வந்தது. ஸ்மாக்டவுன் இன்னும் அதிகம் அலைந்தது: யுபிஎன், சிடபிள்யூ, மைநெட்வொர்க், சைஃபை, யுஎஸ்ஏ, 2019-இல் ஃபாக்ஸ், 2024 செப்டம்பரில் மறுபடி யுஎஸ்ஏ. ஃபாக்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் கொடுத்தது. பல முறை காரணம் ஒன்றுதான். ஒப்பந்தம் முடியும்போது யார் அதிகம் தருகிறாரோ அவரிடம் போவது.

சேனல் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு டபிள்யூசிடபிள்யூவைத்தான் நான் எப்போதும் சொல்வேன். டபிள்யூடபிள்யூஇ-க்குப் போட்டியாக இருந்த மல்யுத்த கம்பெனி அது, அமெரிக்க டிவி முதலாளி டெட் டர்னருடையது. அவர்களுடைய நைட்ரோ நிகழ்ச்சி 1996 நடுவிலிருந்து ஒன்றரை வருஷத்துக்கும் மேல் வாராவாரம் ராவை ரேட்டிங்கில் தோற்கடித்தது. அப்புறம் சரிவு, பெரிய நஷ்டம். 2001 தொடக்கத்தில், முன்பு அதை நடத்திய எரிக் பிஷாஃப் ஒரு முதலீட்டுக் குழுவோடு அதை வாங்கத் தயாராக இருந்தார். அந்த நேரத்தில் டர்னர் சேனல்களின் பொறுப்புக்கு வந்த ஜேமி கெல்னர், இனி எங்கள் சேனல்களில் மல்யுத்தமே வேண்டாம் என்று முடிவெடுத்தார். ஒளிபரப்பு நேரம் கைவிட்டுப் போனதும் பிஷாஃபின் குழு விலகிக்கொண்டது. டிவி இல்லாத மல்யுத்த கம்பெனியை வாங்கி என்ன செய்வது? மார்ச் மாதம் டபிள்யூடபிள்யூஇ முதலாளி வின்ஸ் மக்மேன் அதைச் சில மில்லியன் டாலருக்கு வாங்கிக்கொண்டார். வீரர்கள் இருந்தார்கள், ரசிகர்கள் இருந்தார்கள், ஒளிபரப்ப இடம் மட்டும் இல்லை. கடலூரில் டென் ஸ்போர்ட்ஸ் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அந்தச் சண்டை முடிந்துவிட்டது, ஆகவே இங்கே பலருக்கு அது நடந்ததே தெரியாது.

இப்போது நெட்ஃபிளிக்ஸ் விஷயம். 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். பத்து வருஷம், 500 கோடி டாலருக்கு மேல். நம் கணக்கில் வருஷத்துக்கு நாலாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். 2025 ஜனவரி 6-ஆம் தேதி முதல் ரா அங்கே வந்தது. நம் நாட்டில் சோனியின் ஒப்பந்தம் மிச்சம் இருந்ததால் மூன்று மாதம் தாமதம். ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க ரசிகருக்கு ரா நெட்ஃபிளிக்ஸில், ஸ்மாக்டவுன் யுஎஸ்ஏவில், என்எக்ஸ்டி என்ற இன்னொரு வாராந்திர நிகழ்ச்சி சிடபிள்யூவில், ரெஸில்மேனியா போன்ற பெரிய நிகழ்ச்சிகள் 2025 செப்டம்பரிலிருந்து ஈஎஸ்பிஎன்னில். நமக்கு நாலும் ஒரே இடம். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் மாதம் 149 ரூபாய், அதை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். காசுக் கணக்கில் நாம் அவர்களைவிட நன்றாகவே இருக்கிறோம் என்பேன்.

ஆனால் அந்த 149 ரூபாய்த் திட்டம் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது. எனக்கு வருத்தம் அங்கேதான். கேபிளில் வந்தவரை, செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் அரைமணி நேரம் ராவைப் பார்த்துவிட்டு, மாலை மறு ஒளிபரப்பில் மீதியை நாலைந்து வீட்டுப் பசங்க ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆயா வந்து "இதுங்க நிஜமாவே அடிச்சுக்குதுங்களா" என்று கேட்கும். கேபிள் கட்டணம் கட்டிய வீட்டில் அதற்குத் தனிச் செலவு கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் கேபிள் காசையே இரண்டு மாதம் தள்ளிக் கட்டும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்த வீட்டில் ஒரு பையனுக்காகத் தனிச் சந்தா போடுவார்களா? போட மாட்டார்கள். அவனுக்கு இனி யூடியூபில் வரும் சின்னச் சின்னத் துண்டுகள்தான். கம்பெனி எடுத்த முடிவு வியாபாரத்தில் தவறில்லை. இழப்பு இந்தப் பசங்களுக்கு, அதை இழப்பு என்றே நான் சொல்வேன்.

சரி, கேபிளுக்குத் திரும்ப வருமா? ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் கழித்து விலகிக்கொள்ளும் உரிமை நெட்ஃபிளிக்ஸுக்கு இருக்கிறது, இன்னொரு பத்து வருஷம் நீட்டிக்கும் உரிமையும் இருக்கிறது. அதாவது 2030-க்கு முன் பெரிய மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை முழு நிகழ்ச்சியை டிவியில் வீட்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால், மாதம் 199 ரூபாய் அடிப்படைத் திட்டம் போதும். சித்தப்பாவும் வசூலுக்குப் போகும் வீடுகளில் இப்போது இதைத்தான் சொல்கிறார்.