பூச்சியின் டிஎன்ஏ பழுதை ஆராய விரும்பும் மகள் எந்தப் பட்டம் படிக்கலாம்?

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள், புற ஊதாக் கதிரால் பழுதடையும் டிஎன்ஏவைப் பூச்சிகள் ஒளியைக் கொண்டே சரிசெய்துகொள்வதைப் பற்றி ஆராய விரும்புவதாகவும், இத்தனை குறுகிய துறையில் வேலை கிடைக்குமா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கேள்வி குறுகியதுதான், ஆனால் அதற்கு விடை தேடும்போது கைவரும் திறமைகள் பல துறைகளுக்குப் பயன்படுபவை.

புற ஊதாக் கதிர் பட்டால் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்துள்ள இரு தைமின்கள் (டிஎன்ஏவின் நான்கு ‘எழுத்து’களுள் ஒரு வகை) ஒன்றோடொன்று பிணைந்துவிடும். போட்டோலயேஸ் என்னும் நொதி அந்த இடத்தைப் பற்றிக்கொள்கிறது. நீல ஒளி கிடைத்ததும் அதனுள் இருக்கும் ஃபிளேவின் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துத் தவறான பிணைப்பை அறுத்துவிட்டு, அதே எலக்ட்ரானைத் திரும்பப் பெறுகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு நானோநொடிக்குள் முடிந்துவிடும். ஒளியால் நுண்ணுயிர்கள் இவ்வாறு மீள்வதை ஆல்பர்ட் கெல்னர் 1949இல் வெளியிட்டார். அந்த எழுத்துகள் வேறொரு விதமாகப் பிணைவதால் வரும் 6-4 வகைப் பழுதைச் சரிசெய்யும் நொதியோ 1993இல் பழ ஈயில்தான் முதலில் அறியப்பட்டது. மனிதர் உள்ளிட்ட நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளிடம் போட்டோலயேஸ் இல்லை. நம் செல்கள் பழுதான பகுதியை வெட்டியெடுத்து, இடைவெளியை நிரப்பும் வழியையே நம்பியுள்ளன. அந்த வழிமுறையை விளக்கியதற்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அசிஸ் சன்சார், தம் ஆய்வுப் பயணத்தைப் போட்டோலயேஸில்தான் தொடங்கினார்.

இளநிலைப் பட்டத்திலேயே பூச்சியியலை மட்டும் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உயிர்வேதியியலோ வேதியியலோ முதன்மைப் பாடமாக இருக்கட்டும். இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் எலக்ட்ரான் இடம்பெயர்வதைப் புரிந்துகொள்ள அவை இன்றியமையாதவை. மரபியலையும் பூச்சியியலையும் முதுநிலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

அவளுடைய மனப்பாங்கையும் கவனியுங்கள். இத்துறையின் அடிப்படைச் சோதனையில், புற ஊதாக் கதிர் பட்ட முட்டைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீல ஒளியிலும் மறுபாதியை இருளிலும் வைத்து, எத்தனை பொரிக்கின்றன என்று எண்ணுவார்கள். இருளில் வைத்த தொகுதியைக் கையாளும்போது அறையில் மங்கிய சிவப்பு விளக்கு மட்டுமே எரியலாம். கதவிடுக்கில் வெள்ளை ஒளி கசிந்தாலும் நொதி வேலையைத் தொடங்கி, ஒப்பீட்டையே கெடுத்துவிடும். அந்த மங்கிய வெளிச்சத்தில் சலிக்காமல் எண்ணிக் குறிக்கும் பொறுமை அவளிடம் இருக்கிறதா என்பது மதிப்பெண் பட்டியலில் தெரியாது.

வேலையைப் பொறுத்தவரை, புரதத்தைப் பிரித்தெடுப்பது, நிறமாலை அளவீடு, மரபணுத் திருத்தம் ஆகியவற்றைக் கற்றவருக்கு மருந்து ஆய்விலும் நோயறி கூடங்களிலும் பயிர்ப் பாதுகாப்பிலும் இடமுண்டு. ஆனால் இதே நொதியை ஆராய்ந்தே வாழ வேண்டுமென்றால் முனைவர் பட்டமும், அதன்பின் சில ஆண்டுகள் தற்காலிகப் பணியும் தேவைப்படும்; குடும்பத்தின் பொருளாதார நிலையோடு சேர்த்து இதை இப்போதே அவளுடன் பேசிவிடுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, இளநிலை மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் தாமே சோதனை செய்ய விடுகிறார்களா என்று அங்கே பயிலும் மாணவர்களிடமே கேட்டறியுங்கள்.