கார் ஏசி கம்ப்ரசர் பிடிக்கவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

கே: ஏசி பட்டனைப் போட்டால் விளக்கு எரிகிறது, புளோயர் ஓடுகிறது, ஆனால் கம்ப்ரசர் பிடிப்பதே இல்லை. கேஜ் வைத்துப் பார்த்த மெக்கானிக், "பிரஷர் 95 இருக்கு, கேஸ் ஃபுல். கம்ப்ரசர்தான் போயிடுச்சு" என்கிறார். மாற்றிவிடலாமா? (வாசகர், ஈரோடு)

ப: இப்போதே வேண்டாம். அந்த 95-ஐ வைத்துக் கேஸ் ஃபுல் என்று சொல்ல முடியாது. ஆர்-134ஏ கேஸ் திரவமாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், வண்டி ஓடாமல் 30 டிகிரி சூட்டில் நிற்கும்போது கேஜ் 95 பிஎஸ்ஐ அளவில்தான் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். கேஸ் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் கட்-ஆஃப் பொதுவாக 30 பிஎஸ்ஐ பக்கத்தில் இருக்கும். ஆகவே கேஸ் குறைவால் கட் ஆகவில்லை என்பது மட்டும் உறுதி.

அடுத்து கரண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இன்ஜினை அணைத்து, மேக்னட் கிளட்ச் (காந்த இழுப்பால் முன் பிளேட்டைப் புல்லியோடு ஒட்டவைத்துக் கம்ப்ரசரைச் சுற்றவைக்கும் பகுதி) கனெக்டரைக் கழற்றி, அதன் காயிலை மல்டிமீட்டரில் அளக்கவும். பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 5 ஓம் வரும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது அதற்குள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். அப்படியானால் ஃபியூஸும் எரிந்திருக்கும். ஓம் சரியாக இருந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். சில காயில்களில் டயோடு உண்டு, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. 'டக்' என்று பிளேட் ஒட்டிக்கொண்டு, பிறகு கரண்ட்டை எடுத்துவிட்டு அதைக் கையால் சுற்றும்போது இறுகாமல் திரும்பினால் கம்ப்ரசர் மேல் பழி போட வேண்டாம்.

பிறகு ஃபியூஸ், ரிலே (கிளட்சுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்). மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இதற்குச் செலவே இல்லை. ரிலேயை எடுத்துவிட்டு சாக்கெட்டில் 30, 87 என்ற எண்ணுள்ள துளைகள் இரண்டையும் ஒரு கணம் இணைத்தால் கிளட்ச் பிடிக்கிறதா? பிடித்தால் அங்கிருந்து கிளட்ச் வரை ஒயரிங் நன்றாக இருக்கிறது, ரிலேக்கு உத்தரவுதான் வரவில்லை. அப்போது முதலில் கூலிங் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டரை (குளிரை அளக்கும் சென்சார்) பாருங்கள். குளிர்ந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஒயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போவதால், கூலிங் காயில் உறைந்துவிட்டது என்று எண்ணி இசியு (வண்டியின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) கம்ப்ரசரை நிறுத்தி வைக்கும். டேஷ்போர்டு வேலை பார்த்த பின் இந்தத் தொல்லை வந்திருந்தால், அந்தக் கனெக்டரை மாட்ட மறந்திருப்பார்கள்!

கே: காலையில் நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்துக் கிளட்ச் விட்டுவிடுகிறது. இன்ஜின் ஆறினால் மறுபடி பிடிக்கிறது. (வாசகர், மதுரை)

ப: ஏர் கேப், அதாவது கிளட்ச் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அதிகமாகியிருக்கலாம். சூடானால் காயிலின் ஓம் ஏறி, கரண்ட் குறைந்து, காந்த இழுப்பு தளரும். இடைவெளியும் கூடியிருந்தால் பிளேட்டை இழுக்க முடியாது. கிளட்ச் விட்ட நேரத்தில், கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி வோல்ட்டை அளக்கவும். பேட்டரி வோல்ட்டேஜுக்கு அரை வோல்ட்டுக்குள் வந்தும் பிடிக்கவில்லை என்றால் கேப்தான். 10, 11 என்று இறங்கியிருந்தால் ரிலே காண்டாக்ட்டையும் எர்த்தையும் சுத்தம் செய்யுங்கள். கனெக்டரைக் கழற்றி அளந்தால் ஏமாந்துபோவீர்கள். லோடு இல்லாததால் கெட்ட ஒயரும் 12 காட்டும்.

கேப்பை இன்ஜின் ஆறிய பின் ஃபீலர் கேஜால் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பல மாடல்களில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கலாம், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. நடு போல்ட்டைக் கழற்றினால் பிளேட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் வாஷர் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி அளக்கவும். அளவுக்கு மேல் நெருக்கினால் ஏசி அணைந்திருக்கும்போதும் பிளேட் உரசி எரியும். எடுக்க ஷிம் மிச்சமில்லை என்றால் கிளட்ச் செட்டை மட்டும் மாற்றினால் போதும்.

கே: ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் கட் ஆகிறது. (வாசகர், சென்னை)

ப: ஏசி போட்டதும் கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் அழுத்தம் ஏறி, 30 பார் (சுமார் 435 பிஎஸ்ஐ) பக்கத்தில் ஹை பிரஷர் கட்-ஆஃப் கிளட்சை விடுவித்துவிடும்.

கே: பிரஷர் சுவிட்ச் ஒயர்களை ஷார்ட் செய்து ஓட்டலாமா? (வாசகர், சேலம்)

ப: இரண்டு ஒயர் சுவிட்ச் என்றால், கேஸ் இருப்பதை கேஜில் உறுதி செய்த பின், சோதனைக்காகச் சில நொடிகள் மட்டும். கேஸோடுதான் ஆயிலும் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும். மூன்று ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் 5 வோல்ட் சென்சார். அதில் கை வைக்காதீர்கள், ஸ்கேனரில் படியுங்கள்.

கே: புதிய காரில் 'டக்' சத்தமே வருவதில்லை, குறையா? (வாசகர், கோவை)

ப: குளிர்ந்தால் குறை இல்லை. சில மாடல்களில் கிளட்சே கிடையாது. புல்லியோடு கம்ப்ரசரும் எப்போதும் சுற்றும், கன்ட்ரோல் வால்வுதான் பம்ப் செய்யும் அளவைக் கூட்டிக் குறைக்கும். குளிராதபோது அந்த வால்வின் கனெக்டரிலிருந்து சோதனையைத் தொடங்கச் சொல்லுங்கள்.