உள்ளங்கைக் கத்தி

அன்புள்ள ஐயா,

வேலை காரணமாக ஜகார்த்தாவில் இருக்கிறேன். அண்மையில் நண்பர்களோடு மேற்கு ஜாவாவின் சுகபூமி மாவட்டத்தில், ஹாலிமுன் மலைக்குள் இருக்கும் சிப்தகெலார் என்ற கிராமத்துக்குப் போய்வந்தேன். சுண்டா மக்களின் ஊர். ஆண்டுக்கு ஒரே போகம் நெல். அதை விற்பது அவர்களுக்கு விலக்கு. எல்லாம் களஞ்சியத்துக்குத்தான் போகிறது. அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒரு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு கதிர் கதிராக அறுக்கிறார்கள். எவ்வளவு உழைப்பு வீண் என்று பாவமாக இருந்தது. ஆனால் அதே ஊரில் சொந்தமாக டிவி நிலையம் நடத்துகிறார்கள், ஓடையில் மின்சாரம் எடுக்கிறார்கள். இது முரண் இல்லையா? இந்த வெள்ளந்தி மனிதர்களின் எளிய வாழ்க்கை இன்னும் ஒரு தலைமுறை தாங்குமா? இதைப் பயணக்கட்டுரையாக எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

கே., ஜகார்த்தா

அன்புள்ள கே.,

அறுவடை இயந்திரங்கள் பற்றிப் பேச வேண்டிய ஒரு கூட்டத்துக்காக, ஜாவாவின் அறுப்பு முறைகளைப் பற்றி எழுபதுகளில் வந்த ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவே உங்கள் கடிதம். இல்லையென்றால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

டிவி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் முரண் ஒன்றும் இல்லை. அவர்களுடைய விலக்கெல்லாம் நெல்லைச் சுற்றித்தான். நெல்லை விற்கக் கூடாது, மில்லில் அரைக்கக் கூடாது, சோற்றை விறகடுப்பில்தான் ஆக்க வேண்டும். கேமராவைப் பற்றி முன்னோர்கள் எதுவும் சொல்லவில்லை. உங்கள் கையில் போன் இருக்கலாம், அவர்கள் கையில் இருந்தால் மட்டும் உறுத்துகிறதா?

அடுத்து அந்த 'வெள்ளந்தி'. கோபமாக வருகிறது, சொல்லிவிடுகிறேன். அங்கே நாற்றங்கால் போடும் நாளைத் தனி ஆள் முடிவு செய்ய முடியாது. கெர்த்தி என்று அவர்கள் சொல்லும் நம் கார்த்திகை மீன்கள் தெரிந்தால் இரும்புக் கருவிகளை வெளியே எடுப்பார்கள். கிடாங், அதாவது ஓரியன் கூட்டம் தெரிந்த பிறகுதான் வயலில் இறங்குவார்கள். ஊரே ஒன்றாக நடுகிறது, ஒன்றாக அறுக்கிறது, பிறகு வயல் சும்மா கிடக்கிறது. அப்போது நெற்பயிரைச் சாறு உறிஞ்சிக் கெடுக்கும் புகையான் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. சமவெளி ஜாவாவில் இதை விட்டுவிட்டு ஆண்டு முழுக்க நெல் போட்டார்கள், மானிய விலையில் மருந்தும் அடித்தார்கள். புகையானைத் தின்னும் சிலந்திதான் முதலில் செத்தது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்த சுகார்த்தோ அரசு, 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஒரு பெரிய நாடு சூடுபட்டுத் தெரிந்துகொண்டதைக் கட்டுப்பாடாகக் கடைப்பிடித்து வருபவர்கள் உங்களுக்கு வெள்ளந்திகளா? இத்தனை பேரை ஒரே நாளுக்குக் கட்டுப்பட வைப்பது லேசான வேலை இல்லை. அது நிர்வாகம். அபார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் லாரிக்குக்கூட நம்மால் ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை.

சரி, அந்தக் கத்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

சுண்டாவில் எத்தெம் என்பார்கள். ஜாவாவின் பிற பகுதிகளில் அனி-அனி. தீப்பெட்டி அளவே உள்ள ஒரு மரத்துண்டு, அதன் விளிம்பில் மெல்லிய இரும்புத் தகடு, குறுக்கே ஒரு மூங்கில் குச்சி. சியாஞ்சூர் பக்கம் ஒரு வயதான அம்மாள் எனக்குச் செய்துகாட்டினார். குச்சியை உள்ளங்கையில் பொத்தியதும் கத்தி காணாமல் போய்விட்டது. நடுவிரலால் ஒரு கதிரின் கழுத்தை உள்ளே இழுத்தார், 'டிக்' என்று ஒரு சத்தம், கதிர் அடுத்த கைக்குப் போய்விட்டது. நெல்லின் தேவி பயந்துவிடாமல் இருக்கக் கத்தியை மறைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே மரபு. முதிர்ந்த கதிரை மட்டும் எடுக்கலாம், பச்சையை விட்டுவைக்கலாம். தாளோடு முடியாக, அதாவது சின்னக் கட்டாகக் கட்டி, மூங்கில் கொடியில் காயப்போட்டு, லெயித் என்ற களஞ்சியத்தில் அடுக்கினால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஆனால் இதெல்லாம் பாதிதான். அந்தக் கத்தியால் ஒருவர் ஒரு நாளில் கொஞ்சம்தான் அறுக்க முடியும். அதனால் நிறைய பேர் வேண்டும். பழைய ஜாவாவில் அறுப்பு வயலுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், நிலமில்லாத பெண்கள் பக்கத்து ஊரிலிருந்தும் வரலாம். அறுத்ததில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஒரு ஹெக்டேரில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கிய கணக்குகள் உண்டு. பொருளாதாரம் படித்தவர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். அந்த 'வீண் உழைப்பு' என்பது நிலமில்லாத வீட்டுக்கு அரிசி போய்ச்சேர்ந்த வழி ஐயா! ரேஷன் கடை இல்லாத காலத்தில் அதைச் செய்தது அந்த உள்ளங்கைக் கத்தி.

அப்புறம் ஐ.ஆர்.எட்டு என்ற புது நெல் ரகம் வந்தது. 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியானது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் உயர்ந்து வளரும் பேத்தா ரகம், இன்னொன்று தைவானின் குட்டை ரகம். அப்படி வந்த குட்டை ரகங்களில் தாள் குட்டை, மணி லேசில் உதிரும். முடி கட்டித் தூக்க முடியாது, அரிவாள்தான் சரி. அரிவாளுக்குக் கொஞ்சம் ஆள் போதும். ஆனால் நிலக்காரர் தன் தெருப் பெண்ணைப் பார்த்து 'நீ வராதே' என்று எப்படிச் சொல்வார்? அங்கேதான் தெபாசன் பரவியது. நிற்கிற பயிரை அப்படியே வெளியூர் வியாபாரிக்கு விற்றுவிடுவது. அவர் தன் ஆட்களோடும் அரிவாளோடும் வருவார். அவருக்கு அந்தத் தெருவில் யாரும் சொந்தம் கிடையாது, கூச்சமும் கிடையாது. அதே எழுபதுகளின் தொடக்கத்தில் சின்ன அரிசி மில்களும் வந்துவிட, நெல் குத்திக் கிடைத்துவந்த கூலியும் பெண்களுக்குப் போயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா முகம்தான் வந்தது. எங்கள் ஊரில் முதல் அறுப்பு இயந்திரத்தை வயலில் இறக்கியவர் அவர். அன்று காலை வழக்கமாக அறுக்க வரும் பெண்கள் கருக்கரிவாளோடு வரப்பில் வந்து நின்றார்கள். பெரியப்பா அவர்களை நேராகப் பார்க்கவில்லை. "எல்லாம் மிஷின்காரன்கிட்ட விட்டாச்சு, என்னக் கேக்காதீங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்டவர் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தர் கையால் சோறு தின்று வளர்ந்தவர். அதனால்தான் அவருக்கு ஒரு மிஷின்காரன் தேவைப்பட்டான்.

சிப்தகெலாரில் இது ஏன் நடக்கவில்லை? நெல்லை விற்க முடியாது என்றால் பயிரை நிற்கும்போதே விலைபேச வியாபாரி எதற்கு வருவார்? ரொக்கம் வேண்டுமென்றால் பனைவெல்லம் விற்கிறார்கள், வெளியே வேலைக்குப் போகிறார்கள். நெல் மட்டும் சந்தைக்கு வெளியே நிற்கிறது. யாருக்காவது குறைந்துபோனால் சி ஜிமாத் என்ற பொதுக் களஞ்சியத்தில் கடன் வாங்கி, அடுத்த அறுப்பில் திருப்பிவிடலாம்.

இதைச் சொர்க்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மில் கூடாது என்றால் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் ஒரு பெண் உலக்கை பிடிக்க வேண்டும். அதை அழகான தாளம் என்று எழுதுகிற ஆண்களை அரை மணி நேரம் குத்தவிட வேண்டும்.

தலைமுறை தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். 2007-ல் தகப்பனுக்குப் பின் ஊர்த்தலைவராகப் பொறுப்பேற்றபோது அபா உகி இளைஞர். டிவி நிலையம் அவர் காலத்தில் வந்ததுதான். மேலே நான் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு ஜோசியம் தெரியாது.

கட்டுரையை எங்கே வேண்டுமானாலும் தொடங்குங்கள், மூடுபனியில் மட்டும் வேண்டாம். எழுதுவதற்கு முன் இன்னொரு முறை போங்கள். ஒரு நாள் சோற்றுக்கு நெல் குத்த எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு பெண்ணிடம் கேளுங்கள், ஊர்த்தலைவரிடம் வேண்டாம். அந்த ஊரில் நிலமில்லாத வீடுகள் எவை, அறுப்பில் அவர்களுக்கு எத்தனை முடி கிடைத்தது என்று விசாரியுங்கள். அந்தக் கணக்கு கையில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.